மூக்கு லாரிக்கு என்ன நிறம்

இத்தனை வருடங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். நான் "தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது உனக்கும் தெரியும், உன் மாமாவுக்கும் தெரியும், அதனால்தான் கேட்டீர்கள். ஆனால் அந்தப் பதிலைச் சொல்வதென்றால் அதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுவாள். வாட்ஸப்பில் எழுதினால் நான் இரண்டாவது வரியை அடித்து முடிப்பதற்குள் முதல் வரி காரிமங்கலத்தில் உன் மாமாவிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே காகிதம். "அன்புள்ள" என்று ஆரம்பிக்காததற்குக் கோபம் காரணமில்லை. உடைந்த வண்டிகளைப் பற்றி அறிக்கை எழுதியே பழகிய கை இது. அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது, அடித்துவிட்டேன்.

நீ சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "அப்பா, மாமா ஒரு பழைய மூக்கு லாரி வாங்கியிருக்காரு. ஓசூர் பக்கம் ஒரு காயலான் கடையில கெடந்துச்சாம். இன்ஜினெல்லாம் ரெடி பண்ணிட்டாரு. கல்யாணத்தன்னிக்குச் சீர்த்தட்டு மொத்தமும் அதுலதான் பாப்பாரப்பட்டி மண்டபத்துக்கு வருமாம். பெயிண்டு மட்டும் பாக்கி. 'அந்தக் காலத்துல இதுக்கு என்ன கலருன்னு உங்கப்பனக் கேளு, அந்த மனுசனுக்குத்தான் தெரியும்'னாரு." பின்னால் யாரோ சுத்தியலால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நீ பெங்களூரில் இல்லை, காரிமங்கலத்தில் உன் மாமாவின் பட்டறையில் நின்றுகொண்டு பேசுகிறாய் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் உன் மாமா காதை வைத்துக்கொண்டு நின்றிருப்பான் என்பதும் தெரிந்தது. என் மைத்துனன் பதினெட்டு வருடங்களுக்கு மேலாக என்னிடம் பேசியதில்லை, நானும் அவனிடம் பேசியதில்லை. இப்போது ஒரு லாரியை முன்னால் நிறுத்தி, உன்னைப் பேசவிட்டு, தான் ஒதுங்கி நின்றுகொண்டிருக்கிறான். அதனால்தான் தெரியாது என்றேன்.

நான் வைத்ததும் உன் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "என்ன கலருன்னு சொன்னா உங்க வாயில இருக்கற முத்து உதுந்துருமா?" என்றாள். "ஒரு பொம்மைக்கு, ஏங்க, ஒரு பொம்மைக்கு இத்தன வருசம் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்த மனுசன் இந்தத் தருமபுரி மாவட்டத்துலயே நீங்க ஒருத்தர்தான்." இது அவள் எப்போதும் சொல்வதுதான். அவள் பக்கத்துச் சொந்தங்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் அவர்கள் தங்கள் குழந்தைகளின் கையிலிருக்கும் பொம்மைக் கார்களைப் பிடுங்கி ஒளித்து வைப்பதுபோல நடிப்பதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு ஞாபகசக்தி அதிகம். அது வரமா இல்லையா என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் நீ அதை ஒருநாளும் கூட வந்து பார்த்ததில்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் வந்து மோதி நிற்கும் இடத்துக்கு, இன்சூரன்ஸ் சர்வேயராக, போலீஸும் கிரேனும் போன பிறகு போய்ச் சேருகிறவன் நான். சென்னையில் பொறியியலில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியவன், கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்று நினைத்தவன். அந்த இடத்துக்குச் சிபாரிசோடு வந்தவன் போனான், நான் கணவாய்க்குப் போனேன். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நசுங்கிய கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பெயிண்ட் அடுக்கடுக்காக வரும். மேலே நீலம், அதன் கீழே காவி, அதற்கும் கீழே மஞ்சள். வண்டி எத்தனை கை மாறியது என்று ஓட்டுநர் சொல்வதற்கு முன் அது சொல்லிவிடும். பகல் முழுக்க அப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறவன், உள்ளங்கையில் அடங்கும், எங்கும் மோதாத வண்டிகளை ஒரு கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்துக்கொள்வதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பொம்மைக்கார சார் என்று இந்தத் தெருவில் பெயர் வைத்தார்கள். முதலில் வைத்தவர் இப்போது இல்லை. நான் சாவுக்குப் போகவில்லை.

அந்த வண்டிகளின் கதையை உனக்கு ஒருமுறை சொல்ல ஆரம்பித்தேன். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினாய், நிறுத்திவிட்டேன். இப்போது நிறுத்த வழியில்லை, படி. துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறியதும் அச்சைத் திறந்து எடுப்பது. டை காஸ்ட் என்பது அவ்வளவுதான். இங்கிலாந்தில் முதலில் இவை தனிப் பொம்மைகளாக வரவில்லை. பொம்மை ரயில் விற்ற கம்பெனிக்காரர்கள், ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவதற்குத் துணைச் சாமானாக இரண்டு மூன்று காரும் லாரியும் வார்த்தார்கள். பிள்ளைகள் ரயிலை விட்டுவிட்டு இவற்றைக் கேட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு வார்த்தவற்றில் பலவும் இன்று இல்லை. கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், பல வருடங்கள் கழித்து உள்ளேயிருந்து வெடிப்பு விட்டு, பிஸ்கட்போல உதிர்ந்துவிடும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும், யாருமே தொடாமலிருந்தாலும் உதிரும். அலமாரியின் மேல்தட்டில் மூலையில் ஒரு காரை நான் யாரையும் தொடக்கூட விடுவதில்லையே, அது இந்த வகை. வாங்கியவன் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வார்த்த அன்றே நடந்துவிட்ட ஒன்றை மாற்ற முடியாது. இதை நான் என்னைப் பற்றிச் சொல்லவில்லை, துத்தநாகத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பிறகு அமெரிக்காவிலிருந்து மெல்லிய கம்பி அச்சில் வழுக்கிக்கொண்டு ஓடும் கார்கள் வந்தன. நிதானமாக உருளும் பழைய இங்கிலாந்து வண்டிகள் பிள்ளைகளுக்குச் சலித்துப்போயின. அதற்குள்ளாகவே அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய அச்சுகளில் சில கல்கத்தாவுக்கு விலைபோயிருந்தன. வெளிநாட்டுச் சாமான் எதுவும் சுலபமாக உள்ளே வராத காலம், ஆகவே அச்சையே கொண்டுவந்து இங்கே வார்த்தார்கள். அதே கார், அதே லாரி. பெயிண்ட் மட்டும் கொஞ்சம் தடிப்பு, ரப்பர் டயர் சீக்கிரமே இறுகிவிடும். வண்டியின் வயிற்றில் இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் பொறித்த இடத்தை அச்சிலேயே தேய்த்து அழித்துவிட்டார்கள். அதனால் கல்கத்தா வண்டிகளைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சொரசொரப்பு இருக்கும். சேகரிப்பவர்களில் பெரிய மனிதர்கள் அதைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அந்தச் சொரசொரப்புதான் பிடிக்கும். அலமாரிக்கு முதன்முதலில் வந்த வண்டி அப்படிப்பட்டது. அது ஒரு மூக்கு லாரி. நான் வாங்கியது இல்லை, என் அப்பா, உன் தாத்தா வாங்கியது.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. லாரி டிரைவர் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே ஒரு புளி மண்டிக்காரருக்குச் சொந்தமான மூக்கு லாரியை அவர் ஓட்டினார். இப்போது தட்டையான முகத்தோடு வருகிற லாரிகளுக்கு முன்னால், இன்ஜின் முழுக்க வெளியே நீண்டிருக்கும் வண்டி. லோடு ஏற்றிப் புறப்படும் முன் எங்கள் சந்து முனையில் நிறுத்தி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். லாரிக்காரர்கள் வண்டியின் நெற்றியில் பிள்ளைகளின் பெயரை எழுதுவது உனக்குத் தெரிந்ததுதானே. அந்த லாரியின் நெற்றியில் மண்டிக்காரருடைய இரண்டு பையன்களின் பெயரும் பூ வேலையோடு இருந்தது. அவர்களில் ஒருவன் என் வகுப்பு. "எங்கப்பா லாரி" என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது அவன் எழுந்து நின்று, "டே, அதுல எம்பேருதான்டா இருக்குது, உம்பேரக் காட்டு பாக்கலாம்" என்றான். வாத்தியார் உட்படச் சிரித்தார்கள். அன்று சாயந்திரம் உன் தாத்தாவிடம் கேட்டேன். "ஏம்பா, நம்ம லாரியில எம்பேரு ஏன் இல்ல?" அவர் கை கழுவிக்கொண்டே, "அது நம்ம லாரி இல்லடா கண்ணு. நாம ஓட்டறது" என்றார்.

ஒரே ஒருமுறை கல்கத்தா வரை ஒரு லோடு போனார். திரும்பி வரும்போது அந்தப் பொம்மை லாரியைக் கொண்டுவந்தார். பெட்டியிலிருந்து எடுத்தபோது அது வேறு ஏதோ நிறம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, நம் லாரி மாதிரி இல்லையே என்றேன். வாங்கி மேலே வைத்துவிட்டார். வருடாந்திர எஃப்.சி. தகுதிச் சோதனைக்குப் போகும் முன் லாரிக்குப் பெயிண்ட் அடித்தபோது, டப்பாக்களின் அடியில் மிச்சமிருந்ததைத் தேங்காய்ச் சிரட்டைகளில் வாங்கி வந்து, வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒல்லியான பிரஷ்ஷை எச்சில் தொட்டுக் கூராக்கி அந்தப் பொம்மைக்கு அடித்தார். ஸ்டீயரிங் பிடித்துத் தடித்த விரல்கள், பிரஷ் அவருக்குப் பிடிபடவில்லை. மூக்கின் இடப்பக்கக் கோடு ஒழுங்காக வந்தது. வலப்பக்கக் கோடு நடுவில் கொஞ்சம் வளைந்துவிட்டது. பெரிய லாரியில் அதே இடத்தில் மாட்டு வண்டியின் நுகத்தடி இடித்த சொட்டை உண்டு. கை நடுங்கியதா, சொட்டையையும் சேர்த்து வரைந்தாரா என்று எனக்குத் தெரியாது. இதையே தொழிலாகச் செய்கிறவன், என்னாலேயே சொல்ல முடியவில்லை. கடைசியாக நெற்றியில் என் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக்கு இடம் பற்றவில்லை, அதை மட்டும் ஓரத்தில் படுக்க வைத்தார். "இந்தா, இது உன் லாரி. ஓனரு நீ, டிரைவரு நானு. சம்பளத்த மட்டும் பாக்கி வெக்காத" என்றார்.

பெங்களூரில் சேகரிப்பாளர்கள் கூடும் இடத்துக்கு நான் போய்க்கொண்டிருந்த நாட்களில் அதை ஒருமுறை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே எல்லோராலும் மதிக்கப்படுகிற ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "யாரோ பெயிண்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்கள் சார். ரசாயனத்தில் ஊறப்போட்டு மொத்தத்தையும் கழற்றிவிடுங்கள், உள்ளே வார்ப்பு நன்றாக இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சேகரிப்பவர்களின் விதிப்படி சரி. பிறகு வந்த பெயிண்ட் குப்பை, முதல் பெயிண்டுதான் மதிப்பு. நான் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து போகவில்லை. உன் தாத்தாவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பூதக்கண்ணாடி வைத்திருப்பவர் அதைத் தானாகவே பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

இனி அந்த ஆயுத பூஜை. உனக்கு அப்போது ஏழு வயது. நீ என்ன நினைவில் வைத்திருக்கிறாயோ தெரியாது, நடந்தது இதுதான். காலையிலேயே கணவாயில் ஒரு விபத்து, கூப்பிட்டுவிட்டார்கள். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்பினேன். வாசலில் உன் மாமா புதிதாக வாங்கியிருந்த அவனுடைய முதல் லாரி வாழைக்கன்றோடு நின்றது, நெற்றியில் உன் பெயர். அவனுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே உன் பெயரை எழுதியிருந்தான். என் பிள்ளையின் பெயர் என்னைக் கேட்காமல் இன்னொருவனின் வண்டியில். அதையே நான் முகம் மாறாமல்தான் தாண்டி வந்தேன். கூடத்தில் பலகை போட்டு, என் அலமாரியிலிருந்த வண்டிகள் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்தி. பொரிகடலை. நீ மூக்கு லாரியின் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய், பழம் லாரியைவிட உயரமாக இருந்ததால் அது நிற்கவில்லை. கூடம் முழுக்கப் புளி வாசனை.

"வாங்க மாமா, கரெக்டான நேரத்துக்கு வந்துட்டீங்க. கற்பூரத்தக் கொளுத்திரலாமா?" என்றான் உன் மாமா. கையில் தேங்காய் நார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"எல்லாம் தூசி புடிச்சிக் கெடந்துச்சுங்க மாமா. வண்டின்னா வருசத்துக்கு ஒருக்கா குளிக்க வெக்க வேணாமா? மத்ததெல்லாம் சும்மா தண்ணி தெளிச்சதோட சரி. இந்த லாரிதான் ரொம்ப மோசம். எவனோ பிரஷ்ஷு புடிக்கத் தெரியாதவன் கன்னாபின்னான்னு தீத்தி வெச்சிருக்கான். புளியும் செங்கப்பொடியும் போட்டு ஒரு தேய் தேச்சேன் பாருங்க. குத்துவெளக்காட்டம் ஆயிருச்சு!"

எடுத்துப் பார்த்தேன். பச்சை இல்லை, கோடு இல்லை, நெற்றி வெறும் உலோகம். புளியின் அமிலம் பட்டு அங்கங்கே கறுக்க வேறு ஆரம்பித்திருந்தது. பித்தளைக்குச் செய்வதைத் துத்தநாகத்துக்குச் செய்திருந்தான். நான் கத்தவில்லை, அதையும் உன் அம்மா மாற்றிச் சொல்கிறாள். வாசலைக் காட்டி, மெதுவாகத்தான் சொன்னேன். "உன் லாரியும் ஒருநாள் தொப்பூர்ல எம் முன்னாடிதான் வந்து நிக்கும். அன்னிக்கு அதோட பெயிண்ட நான் சொரண்டிப் பாக்கறேன்."

புது வண்டி, பூஜை நாள், வாழைக்கன்று கட்டி நிற்கிறது. உன் மாமா நாரைக் கீழே வைத்தான். "மாமா, இந்த வார்த்தைய நீங்க சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றான். "பொம்மைக்கா?" என்று உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டான். அவள் அழுதாள். அவன் கற்பூரம் கொளுத்தாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பிரஷ் பிடிக்கத் தெரியாதவன் யார் என்று நான் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பொம்மையைப் பற்றியே பேசினார்கள்.

சில வருடங்கள் கழித்துக் கணவாயில் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் டிரைவர் பேச்சுவாக்கில், முன்பு காரிமங்கலத்தில் இன்னாரிடம் ஓட்டினேன் என்று உன் மாமாவின் பெயரைச் சொன்னான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. "அவுரு வண்டி எதுவும் இந்தக் கணவாய்ல எறங்காதுங்க சார். சேலத்துக்குன்னாலும் அரூர் வழியா சுத்திக்கிட்டுத்தான் போவணும், ஓனரு ஆர்டரு. டீசல் போனாப் போவுதுன்னுருவாரு. யாரோ படிச்ச ஆளு சாபம் வுட்டுட்டாராமுங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் டயர் தேய்மானத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அரூர் பக்கம் திரும்புகிற லாரிகளைப் பார்த்தால் நெற்றியைப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. இரண்டு முறை உன் பெயரைப் பார்த்திருக்கிறேன்.

உனக்குக் கல்யாணம். அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் வீட்டில் ஏதாவது ஒரு பொருளை மற்றவர்கள் தொடக்கூடாது என்று நினைத்தால், ஏன் என்பதை அந்தப் பெண்ணுக்கு முதல் வாரமே சொல்லிவிடு. அவளாகப் புரிந்துகொள்வாள் என்று காத்திருக்காதே. யாரும் புரிந்துகொள்வதில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் கோபித்துக்கொண்டால் காரணம் உன்னிடமும், கோபம் அவர்களிடமும் தங்கிவிடுகிறது. அதன் பிறகு இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. அவள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய சாமான் எதுவாக இருந்தாலும் கேட்காமல் துடைக்காதே. அழுக்கு என்று உனக்குத் தெரிவது வேறு ஏதாவதாக இருக்கலாம். இதற்குமேல் என்னிடம் புத்திமதி இல்லை. இதைக்கூட நான் செய்து பார்த்துச் சொல்லவில்லை.

நீ போன் செய்த மறுநாள் உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது அலமாரியைத் திறந்தேன். எனக்கு அந்த நிறங்கள் நன்றாகவே நினைவிருக்கின்றன, ஆனால் நினைவை வைத்து நான் அறிக்கை எழுதுவதில்லை. மூக்கு லாரியைத் திருப்பி, கேபினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தேங்காய் நார் நுழையாத இடம் என்று ஒன்று எப்போதும் இருக்கும். உன் தாத்தா கேபினின் உள்பக்கத்துக்கும் பெயிண்ட் அடித்திருக்கிறார். வெளியே யாருக்கும் தெரியாத இடத்துக்கு. மேற்கூரையின் உள்ளே, ஒரு மூலையில், ஒரு மிளகு அளவுக்குப் பச்சை அப்படியே இருக்கிறது. நான் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கருத்த பச்சை. இவ்வளவு வருடங்களில் அங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரார் வண்டிகளை எல்லாம் அப்படித்தான் பார்க்கிறேன்.

இனி உன் மாமா கேட்டது. அவன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் வேண்டுமென்றால், அவன் வாங்கிய லாரியின் மூக்கு மூடியைத் தூக்கி, கீல் மறைக்கிற இடத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல். அந்த வண்டியின் முதல் நிறம் அங்கே இருக்கும். அதுதான் விதிப்படி சரியான நிறம். அதை அடித்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அது வேண்டாம், எங்கள் சந்து முனையில் நின்ற லாரியின் நிறம்தான் வேண்டுமென்றால், எழுதிக்கொள். மூக்கும் கேபினும் பச்சை. கடையில் முதலில் எடுத்துக் காட்டுகிற இலைப்பச்சை இல்லை, மழை பெய்த மறுநாள் மாந்தோப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பச்சை. மேற்கூரை பால் வெள்ளை. சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டுகள் கறுப்பு. பின்பக்கப் பலகைகள் செங்காவி. மூக்கின் இரண்டு பக்கமும் விரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கோடு, கதவு வரை வந்து கூராக முடிய வேண்டும், பட்டையாக வெட்டக் கூடாது. இரண்டு கோடும் நேராகவே இருக்கட்டும். சக்கரத்தின் நடுவில் சிவப்பு. ஸ்டிக்கர் எதுவும் ஒட்டக் கூடாது. அந்தக் காலத்தில் ஸ்டிக்கர் கிடையாது.

நெற்றியில் உன் பெயரை எழுதட்டும். அந்தப் பெண்ணின் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும், அளந்து எழுதச் சொல், கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் போகக் கூடாது. என் பெயரை எழுதலாமா என்று உன் மாமா கேட்பான், இந்தக் கடிதத்தைப் படித்தால் கட்டாயம் கேட்பான். வேண்டாம். அவன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு அவன் மண்டபத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழக் கூடாது. அதை நீ பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பாப்பாரப்பட்டிக்கு வருவேன். உன் அம்மா நிற்கச் சொல்லுகிற இடத்தில் மேடையில் நிற்பேன். அவன் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் லாரியைப் பற்றிப் பேசட்டும், பதில் சொல்வேன். அன்றைக்கு வாசலைக் காட்டி நான் சொன்னதைப் பற்றி: இத்தனை வருடங்களில் அவன் வண்டி ஒன்றுகூட என் முன்னால் வந்து நிற்கவில்லை. ஆகவே அது தவறான மதிப்பீடு. என் வேலையில் தவறான மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், நான் பெற்றுக்கொண்டேன் என்று சொல். கணவாய் வழியாகவே போகட்டும். இறங்கும்போது கியரைக் குறைத்து, பிரேக்கை நம்பாமல் வரச் சொல்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் மிச்சமிருப்பதைக் கொட்டிவிட வேண்டாம். பச்சையிலும் மஞ்சளிலும் கொஞ்சம் எனக்கு வேண்டும். சிரட்டை அளவு போதும். எதற்கு என்று கேட்க வேண்டாம். பெங்களூரில் உனக்குத் தெரிந்த சேகரிப்பாளர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லவும் வேண்டாம்.

கீழே கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை எடுத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா என்று போடலாம். அல்லது எல்லா அறிக்கைகளிலும் போடுகிற கையெழுத்தைப் போடலாம். அது இதுவரை நசுங்கிய வண்டிகளுக்குக் கீழே மட்டும்தான் விழுந்திருக்கிறது, இந்த லாரிக்குக் கீழே அது வேண்டாம். வயிற்றில் பெயர் தேய்க்கப்பட்ட கல்கத்தா வண்டியைக் கையில் வாங்கியவர்கள் யாரும் இது யார் வார்த்தது என்று என்னிடம் கேட்டதில்லை, தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். உன் அம்மா கோலம் போட எழுவதற்கு முன் பஸ் நிலையம் வரை நடந்து, இதை இப்படியே, கையெழுத்தில்லாமலே, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.